புத்தகத்தில் இல்லாத மூச்சு

1

ரெக்ஸ் கூப்பிட்டபோது நான் ஹம்பர்க்கில் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தேன். துறைமுகத்துப் பெட்டகக் கிடங்கில் வேலை முடிந்து, பல் கிட்டுகிற குளிரில் வீட்டை நினைத்துக்கொண்டு நிற்கிற நேரம். அவன் குரல் கொஞ்ச நாளாகவே கரகரத்துக்கொண்டிருந்தது. சளி என்று அவன் சொன்னான், நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

“ஏலே அருளு, சளி இல்லையாம்ல. குரல்வளைய எடுக்கணுங்காங்க. இன்னும் ரெண்டு வாரத்துல ஆப்பரேஷன். கழுத்துல ஓட்ட போட்டு அது வழியா மூச்சாம். அதுக்கப்புறம் பேச்சு கெடையாது.”

என் பேருந்து வந்தது, ஏறவில்லை. அவனே தொடர்ந்தான்.

“அழுது கிழுது வைக்காத. நான் கூப்புட்டது வேற விசயத்துக்கு. ஆப்பரேஷனுக்கு முந்தின ஞாயித்துக்கிழம ஆட்டத்த முடிச்சிருவோம். உன் மவன் ஆளு இன்னும் கடலடிப் பாருக்குள்ளதான நிக்கான்? அவன வரச் சொல்லு.”

அவ்வளவுதான் கேட்டான். நீ வந்து பார் என்றுகூடக் கேட்கவில்லை. தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீசில் குமாஸ்தாவாக இருக்கிறவன், கல்யாணம் செய்துகொள்ளாதவன், என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவன். அவனுக்கு வேண்டியதெல்லாம் என் பதினேழு வயது மகன் நெவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார வேண்டும், தமிழில் பேச வேண்டும். அது நடக்குமா என்பது எனக்கே தெரியாது. மூன்று வருஷமாக நெவில் அவனோடு பேசவில்லை.

2

என்ன ஆட்டம் என்று ஊரில் இருக்கிற நீங்கள் கேட்பீர்கள். சொல்லிவிடுகிறேன். மேசையைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து வாயால் ஆடுகிற ஆட்டம் இது. ஒருவர் நடுவர். அவர் ஒரு மாய உலகத்தைச் சொல்வார்: இதோ ஒரு கதவு, அதற்குப் பின்னால் ஏதோ மூச்சு விடுகிற சத்தம் கேட்கிறது. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். ஒருவன் வீரன், ஒருவன் மந்திரவாதி. “நான் கதவைத் திறக்கிறேன்” என்பான் ஒருவன். திறந்தால் என்ன ஆகும் என்பதை நடுவரும் பகடையும் விதிப்புத்தகமும் சேர்ந்து முடிவு செய்யும். ஜெயிப்பதும் தோற்பதும் கிடையாது, கதை ஓடிக்கொண்டே இருக்கும். அமெரிக்காவில் எழுபதுகளில் பிறந்த ஆட்டம்.

அது எண்பதுகளின் கடைசியில் தூத்துக்குடிக்கு வந்தது, கப்பலில். ரெக்ஸின் அப்பா கப்பல்காரர். எங்கோ ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் பழைய புத்தகக் கடையில், அட்டையில் பூதமும் வாளும் இருப்பதைப் பார்த்துவிட்டு, பையனுக்குக் கதைப்புத்தகம் என்று வாங்கி வந்துவிட்டார். கெட்டி அட்டை, பெரிய சைஸ். உள்ளே கதை ஒரு வரி கூட இல்லை. பக்கம் பக்கமாக அட்டவணை. எந்தப் பேய்க்கு எத்தனை பலம், எந்தக் கவசத்தில் எந்த ஆயுதம் ஏறும், புயலில் கப்பல் கவிழ எத்தனை வாய்ப்பு, இப்படி.

ரெக்ஸின் அம்மா அந்தப் பூதப் படங்களைப் பார்த்து மிரண்டு, புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பங்குச் சாமியாரிடம் போய்விட்டார். சாமியார் நிதானமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இது கணக்குப் புத்தகம்லாம்மா. பையன் படிக்கட்டும்” என்றாராம். இருந்தாலும் எதற்கும் இருக்கட்டும் என்று தீர்த்தம் தெளித்துத்தான் கொடுத்தார். அட்டையில் அந்தத் தண்ணீர்ப் பொட்டுகள் கடைசி வரை இருந்தன. அதே காலத்தில் அமெரிக்காவில் இந்தப் புத்தகங்களைப் பிசாசின் வேதம் என்று சொல்லி எரிக்கச் சொன்னவர்கள் இருந்தார்கள், அந்த எதிர்ப்புக்குப் பயந்து அடுத்த பதிப்பில் பிசாசுகளின் பெயரையே மாற்றி அச்சிட்டார்கள் என்று பிற்பாடு படித்தபோது, எங்கள் சாமியாரை நினைத்துச் சிரித்தேன்.

சங்கதி என்னவென்றால், அது மூன்று புத்தகங்களில் ஒன்று. ஆடுகிறவர்களுக்கு ஒரு புத்தகம், ராட்சசர்களைப் பற்றி ஒரு புத்தகம், நடுவருக்கு மட்டும் ஒரு புத்தகம். எங்களுக்குக் கிடைத்தது நடுவர் புத்தகம். ஆடுகிறவர்கள் இதைத் திறந்தே பார்க்கக் கூடாது என்று அதில் கண்டிப்பாகப் போட்டிருந்தது. பூசைப் பாத்திர அறைக்குள் சும்மா எட்டிப் பார்த்தாலே உதை வாங்கி வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். பார்க்கக் கூடாது என்றால் பார்க்க மாட்டோம். ரெக்ஸ் மட்டும் படித்தான். நானும் எங்களோடு படித்த காயல்பட்டினத்து சாகுலும் அவன் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். விதி என்றால் எங்களுக்கு ரெக்ஸின் குரல்தான்.

சம்மாட்டி என்று அவனுக்குப் பெயர் வைத்தோம். படகுச் சொந்தக்காரரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அவன் சொன்னால் வலை இறங்கும், அவன் சொன்னால் கரை திரும்பும்.

3

அந்தப் புத்தகத்தில் வருகிற வீரர்கள் எல்லாரும் தரைக்கு அடியில் இருக்கிற பாதாளச் சிறைகளுக்குள் இறங்கிப் புதையல் தேடுவார்கள். அகராதியைப் பார்த்து அர்த்தம் கண்டுபிடித்த ரெக்ஸுக்குக் குழப்பம். தூத்துக்குடியில் எந்த வீட்டுக்கு அடியில் அறை இருக்கிறது? ஆகவே அவன் பாதாளத்தைக் கடலுக்கு அடியில் கொண்டுபோய் வைத்தான். முத்துச்சிப்பி விளைகிற கடலடிப் பாறைத் திட்டுக்குப் பார் என்று பெயர். எங்கள் கதையில் பாருக்கு உள்ளே அறைகள், கதவுகள், காவல் பூதங்கள்.

கடலுக்கு அடியில் என்றால் மூச்சு வேண்டுமே. அதற்கும் ஒரு விதி இருந்தது. பாருக்குள் இறங்குகிறவன் நிஜமாகவே ஒரு மூச்சை இழுத்துக்கொள்ள வேண்டும். அந்த ஒரே மூச்சில் என்ன செய்கிறான், எதை எடுக்கிறான் என்று எல்லாவற்றையும் சொல்லி, கடைசியில் “கயிற ஆட்டுதேன்” என்று முடிக்க வேண்டும். முத்தெடுக்க முங்குகிற குளிகாரர்கள் கயிற்றை ஆட்டினால்தானே மேலே இருக்கிறவன் இழுப்பான்? சொல்லி முடிப்பதற்குள் மூச்சை விட்டுவிட்டால் ஆள் போய்விட்டான். படகில் கயிறு பிடிப்பவன் அதுவரை வாயைத் திறக்கக் கூடாது. திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கப் போகிற ரெக்ஸின் தாய்மாமா ஒருவர் எங்கள் ஆட்டத்தை ஒரு நாள் பார்த்துவிட்டு, “பரவால்லயே, பயலுவ ஒழுங்காத்தான் முங்குதானுவ” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு எங்களைப் பிடிக்க முடியவில்லை.

ஒரு மூச்சுக்கு ஒரு முறை என்கிற இந்த விதி உலகம் பூராவும் உள்ளது என்றே நான் நம்பிக்கொண்டிருந்தேன். அச்சில் இருக்கிறது, ரெக்ஸ் படித்துச் சொல்கிறான். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

ஹம்பர்க் வந்து, மெர்லினைக் கல்யாணம் செய்து, நெவிலும் பிறந்த பிறகு, இந்த ஆட்டத்துக்கென்றே ஒரு கடை இருப்பது தெரிந்தது. ஒரு சனிக்கிழமை அங்கே போனேன். புதியவர்களையும் மேசையில் சேர்த்துக்கொண்டார்கள். என் முறை வந்ததும் நான் எழுந்து நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, உடைந்த ஜெர்மனில் மடமடவென்று கொட்டி, கயிற்றை ஆட்டிவிட்டு, மூச்சு வாங்க உட்கார்ந்தேன். மேசையில் ஒருவன் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தான். இன்னொருவன் ஆஸ்துமாவா என்று கேட்டான். இல்லை, விதி என்றேன். எந்தப் புத்தகத்தில் என்று கேட்டார்கள்.

அன்றைக்குத்தான் முதன்முதலாக அந்தப் புத்தகத்தைத் தேடினேன். ஒரு பழைய சாமான் சந்தையில் அதே அட்டையோடு கிடைத்தது. இரண்டு நாள் உட்கார்ந்து முழுக்கப் படித்தேன். பார் இல்லை. கயிறு இல்லை. ரெக்ஸ் கதையில் வீசுகிற வடக்கத்தி வாடைக்காற்றும் மேற்கத்திக் கச்சான் காற்றும் இல்லை. மூச்சு இல்லவே இல்லை. உடனே ரெக்ஸைக் கூப்பிட்டேன்.

“ஏலே, மூச்சு விதி புத்தகத்துல இல்லையேல!”

“நீ ஏன் படிச்ச? ஆடுதவன் படிக்கக் கூடாதுன்னு போட்டுருக்குல்லா?”

“அப்ப எல்லாம் நீயா விட்டதா?”

“பாதிப் புத்தகம்தான வந்துச்சு. மீதிய யாரு தருவா? நம்மூர்ல மண்ணத் தோண்டுனா உப்புத்தண்ணிலா வரும், அதான் கடலுக்குள்ள வச்சேன்” என்றான். கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. ஒரு மனுஷன் இத்தனை வருஷம் ஒரு உலகத்தையே தன் வாய்க்குள் வைத்துக்கொண்டு, புத்தகத்தில் இருக்கிறது என்று சொல்லியே நடத்தியிருக்கிறான்.

4

அதற்குப் பிறகு எனக்கு இந்தப் புத்தகங்களின் பைத்தியம் பிடித்தது. வீட்டில் ஒரு அலமாரி நிறைய இருக்கிறது. மெர்லின் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ராத்திரி டியூட்டி முடிந்து வந்து இந்த அலமாரியைப் பார்த்தாலே தலைவலி வருகிறது என்பாள்.

நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். இதற்கெல்லாம் மூதாதை இந்த ஜெர்மனியில்தான் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரஷ்ய ராணுவ அதிகாரிகள் வரைபடத்தில் கட்டைகளை நகர்த்திப் போர் விளையாட்டு ஆடிப் பழகினார்கள். அதற்குப் பகடையும் அட்டவணையுமாக ஒரு விதிப்புத்தகம். காலப்போக்கில் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி ஆட்டம் நகரவே மாட்டேன் என்றது. அப்புறம் சில அதிகாரிகள், புத்தகத்தை மூடி வையுங்கள், போரைப் பார்த்த ஒருவர் நடுவராக நின்று என்ன நடக்கும் என்று சொல்லட்டும் என்றார்கள். எனக்கு அதைப் படித்தபோது ரெக்ஸ் ஞாபகம்தான் வந்தது.

பிறகு அமெரிக்கச் சிற்றூர்களில் ஈயப் பொம்மைப் படைகளை வைத்து ஆடியவர்கள், படைக்குப் பதில் ஆளுக்கொரு வீரன் என்று மாற்றினார்கள். முதலில் வந்தது ஒரு பெட்டியில் மூன்று சின்னப் பிரசுரங்கள், நம்மூர்த் திருவிழா நோட்டீஸ் தரத்தில். அதை மட்டும் படித்து யாராலும் ஆட முடியாது. ஏற்கெனவே ஆடிய ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். ஊருக்கு ஊர் ஆட்டம் வேறாக இருந்தது. ஒரு ஊரில் செத்தவன் இன்னொரு ஊரில் பிழைத்துக்கொள்வான்.

அது பொறுக்குமா? கேள்வி கேட்டுக் கடிதங்கள் குவிந்தன. எல்லா ஊரிலும் ஒரே மாதிரி ஆடினால்தானே போட்டி வைக்க முடியும்? ஒவ்வொரு பதிலும் ஒரு விதியாக ஏற, பிரசுரம் கெட்டி அட்டைப் புத்தகமானது. அடுத்த பதிப்பு முந்தின பதிப்பைத் திருத்தியது. நூற்றாண்டு திரும்பியபோது எல்லாக் காரியத்துக்கும் ஒரே இருபது முகப் பகடை என்று ஒழுங்கு செய்தார்கள், யார் வேண்டுமானாலும் அந்த விதிகளை எடுத்துத் தங்கள் புத்தகம் போடலாம் என்று அனுமதியும் கொடுத்தார்கள். புத்தகங்கள் மழைக்காளான் மாதிரி முளைத்தன. பழைய பதிப்புக்காரர்களும் புதிய பதிப்புக்காரர்களும் போட்ட சண்டையைப் படித்தால் நம் சங்கத் தேர்தல் சண்டையெல்லாம் ஒன்றுமில்லை. இன்றைக்கு விதிகள் எல்லாம் இணையத்தில். சந்தேகமா, தட்டினால் பதில்.

நல்லதுதானே என்பீர்கள். நல்லதுதான். ஊமைக்கும் கூச்சக்காரனுக்கும் கூட அதில் இடம் கிடைத்தது. ஆனால் எனக்கு ஒன்று தோன்றாமல் இல்லை. புத்தகம் தடிக்கத் தடிக்க, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தருகிற ஆள் தேவையில்லாமல் போகிறான். என் மகன் விஷயத்தில் அதுதான் நடந்தது.

5

நெவிலுக்கு ஆறு வயதில் நான் அவனை ரெக்ஸோடு வீடியோவில் உட்கார வைத்தேன். தமிழ் வரட்டுமே என்கிற ஆசை. எங்கள் ஊர் ஆட்கள் யாரும் இங்கே பக்கத்தில் இல்லை. ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் ஆட்டம். ரெக்ஸ் சொல்லச் சொல்லப் பையனின் கண் விரியும். தன் பாத்திரத்துக்குக் கேப்டன் என்று பெயர் வைத்துக்கொண்டான். “மாமா, நான் கதவத் தொறக்கேன், உள்ள போறேன், அங்கன ஒரு சங்கு கெடக்கு, எடுக்கேன், கயிற ஆட்டுதேன்!” என்று ஒரே மூச்சில் அவன் கத்தும்போது மெர்லின் அடுக்களையிலிருந்து வந்து நின்று பார்ப்பாள்.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் யாழ்ப்பாணத்து ஆசிரியை ஒருவர் என்னைக் கூப்பிட்டு, “இவர் கதைக்கிற தமிழ் எந்த ஊர்த் தமிழ்? சொல்லுதேன், போவுதேன் எண்டுறார்” என்று சிரித்தார். ஹம்பர்க்கில் பிறந்த பிள்ளை தூத்துக்குடிக் கடற்கரைத் தமிழ் பேசினான். நான் அன்றைக்கு நடந்தே வீட்டுக்கு வந்தேன், அவ்வளவு சந்தோஷம்.

பதினான்கு வயதில் பள்ளித் தோழர்களின் மேசையில் சேர்ந்தான். அவர்களிடம் புதிய பதிப்பு, ஜெர்மனில். பளபளக்கும் படங்கள், தெளிவான விதிகள். இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேப்டன் பாருக்குள் ஒரு கதவு முன்னால் நிற்கும்போது, அவன் கையில் அச்செடுத்த தாள்களோடு உட்கார்ந்திருந்தான். தண்ணீருக்குள் எத்தனை நிமிடம் தாக்குப்பிடிக்கலாம் என்பது உடல் பலத்தைப் பொறுத்தது, அது இந்தப் பக்கத்தில் இருக்கிறது, மூச்சு இழுத்துப் பேசுவது என்று எந்தப் பதிப்பிலும் இல்லை என்று ஜெர்மனும் தமிழுமாகச் சொன்னான்.

“நீ சொல்லுதது சரிதான்பா. உன் புத்தகத்துல அப்படித்தான் இருக்கும்” என்றான் ரெக்ஸ்.

“அப்ப நீங்க சொல்லுதது பொய்யா மாமா?”

ரெக்ஸ் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் பையனைக் குத்தியிருக்க வேண்டும். தன்னை இத்தனை வருஷம் சின்னப் பிள்ளையாக ஏமாற்றியதாக நினைத்துக்கொண்டான். எழுந்து போய்விட்டான். அடுத்த ஞாயிறு வரவில்லை, அதற்கடுத்ததும் வரவில்லை. மெல்ல மெல்ல வீட்டிலும் ஜெர்மன் மட்டும் என்றாகிவிட்டது. நான் தமிழில் கேட்பேன், அவன் ஜெர்மனில் பதில் சொல்வான். பின்பு நானும் சோம்பேறியாகிவிட்டேன்.

ரெக்ஸும் நானும் மட்டும் ஞாயிறுதோறும் பேசிக்கொண்டோம். ஆட்டத்தை அவன் நகர்த்தவே இல்லை. “கேப்டன் இன்னும் மூச்ச விடலல்லா. அதான் நிக்கான். வரட்டும்” என்பான்.

6

ஊருக்குப் போய் அவன் பக்கத்தில் இருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். என் நேரம், இங்கே தங்குவதற்கான அனுமதி அட்டை காலாவதியாகி, புதியதற்கு விண்ணப்பம் போட்டு, அச்சாகி வருவதற்குக் காத்திருந்த சமயம். அட்டை இல்லாமல் கிளம்பினால் திரும்பி உள்ளே வருவதற்குத் தனிக் கடிதம் வேண்டும். அந்தக் கடிதத்துக்கு முன்பதிவு வேண்டும். முன்பதிவு இல்லாமல் போய் வரிசையில் நின்றேன்.

அதிகாரி மரியாதையான ஆள். நோயாளி உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டார். நண்பர் என்றேன். பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளை, உடன்பிறப்பு, இவர்களுக்கு மட்டும்தான் அவசரப் பிரிவு என்றார். எங்கள் ஊரில் கூடப்பிறந்தவனைவிட அதிகம் என்று எப்படி ஜெர்மனில் சொல்வது? தடுமாறிய வேகத்தில் அவரை ஒருமையில், நீ என்று சொல்லிவிட்டேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் மனசு கலங்கினால் இந்த ஊர் மரியாதை என் வாயிலிருந்து நழுவிவிடுகிறது. அவர் முகம் இறுகியது.

“எனக்குப் புரிகிறது. ஆனால் விதியில் நண்பர் என்ற பிரிவு இல்லை” என்றார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் மேசையில் நடுவர் கிடையாது, புத்தகம் மட்டும்தான் இருக்கிறது. வெளியே வந்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். நாற்பது தாண்டிய மனிதன் தெருவில் அழுதால் இங்கே யாரும் என்ன என்று கேட்க மாட்டார்கள். அது ஒரு வசதி.

வீட்டுக்கு வந்து நெவிலின் கதவைத் தட்டினேன். விஷயத்தைச் சொன்னேன், தமிழில்தான். அவன் நாற்காலியில் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தான்.

“இனிமேல் அவரால் பேசவே முடியாதா?” என்று ஜெர்மனில் கேட்டான்.

“முடியாது.”

“நான் வருகிறேன்” என்றான். “ஆனால் அப்பா, எனக்கு இப்போது சரியாக வராது.”

“வந்தா போதும்” என்றேன்.

அந்த வாரம் முழுக்க அவன் அறையில் முணுமுணுப்புக் கேட்டது. கதவருகே நின்று கேட்டேன். கதவு, சங்கு, விளக்கு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

7

ஞாயிற்றுக்கிழமை மெர்லின் விடுப்பு எடுத்திருந்தாள். மூன்று பேரும் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தோம். திரையில் ரெக்ஸ், கழுத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு. இளைத்திருந்தான். நெவிலைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்ததை நான் இங்கே எழுத்தில் வைக்க முடியாது.

“ஏயப்பா, மீசை வச்சிட்டியா! வா கேப்டன், வா. கால் மரத்துப் போயிருக்கும்லா, எவ்ளோ நாளா நிக்க.”

நெவில் சிரித்தான். “வணக்கம் மாமா” என்றான். அது மட்டும்தான் வந்தது.

ரெக்ஸ் ஆரம்பித்தான். குரல் உப்புத்தாளில் தேய்த்த மாதிரி இருந்தது, இருந்தாலும் அதே சம்மாட்டிதான். “கடல் தெளிஞ்சு கெடக்கு. வாடைக் காத்து அடங்கிட்டு. உனக்கு மேல படவுல உங்கப்பன் கயிறு பிடிச்சிட்டு நிக்கான். உனக்கு முன்னால ஒரு கதவு. அதுக்குள்ளதான் நாம இத்தன வருசமாத் தேடுத முத்து கெடக்கு. எடுத்துட்டு மேல வந்தியானா ஆட்டம் முடிஞ்சுது. மூச்ச இழுத்துக்கோ.”

நெவில் என்னைப் பார்த்தான். அப்புறம் கண்ணை மூடி, தோள் உயர, நெஞ்சு நிறைய இழுத்தான்.

“நான் கதவத் தொறக்கேன். உள்ள போறேன். இருட்டா இருக்கு. வெளக்கு... வெளக்கு கொளுத்துதேன். அங்கன முத்து கெடக்கு. எடுக்கேன். பைக்குள்ள போடுதேன். வெளிய வாரேன்...”

அந்தக் கடற்கரைத் தமிழ் அவன் வாயிலிருந்து அப்படியே வந்தது. மெர்லின் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ரெக்ஸ் மூச்சே விடாமல் முன்னால் குனிந்திருந்தான்.

“வெளிய வந்து... நான்...”

நின்றுவிட்டான். கை தன்னால் எழுந்து காற்றில் எதையோ பிடித்து இழுத்தது, ஒரு தரம், இரண்டு தரம். கயிறு என்ற சொல் வரவில்லை. ஜெர்மன் சொல் அவன் உதடு வரை வந்ததை நான் பார்த்தேன், அதை அவன் விழுங்கிக்கொண்டான். முகம் சிவந்தது. மூச்சு அவனிடம் இன்னும் இருந்தது.

எனக்குத் தொண்டை வரை வந்துவிட்டது அந்தச் சொல். கயிறு பிடிப்பவன் வாய் திறக்கக் கூடாது என்று சின்ன வயதில் பழகின பழக்கம், வாய் கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிட்டது.

விதியை மீறியது ரெக்ஸ்தான். ஒரு நாளும் யாருக்காகவும் மீறாதவன், “விடாதப்பா, மூச்ச விடாத! மாமா சொல்லுதேன். கயி...” என்று ஆரம்பித்தான். இருமல் பிடித்துக்கொண்டது. திரை முழுக்க அந்த இருமல். துண்டை வாயில் அழுத்திக்கொண்டு, விரலால் சொல்லு, சொல்லு என்று ஜாடை காட்டினான்.

நெவில் மூச்சை விட்டுவிட்டான்.

ரெக்ஸ் இருமி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சரி, சரிப்பா. ஒண்ணுமில்ல” என்றான்.

“அப்பா, என் மேசையில் செத்தவனைத் திரும்பக் கொண்டுவர மந்திரம் இருக்கிறது. அவரிடம் கேளுங்கள்” என்றான் நெவில் ஜெர்மனில். குரல் உடைந்திருந்தது. நான் தமிழில் சொன்னேன்.

ரெக்ஸ் தலையை ஆட்டினான். “அது இன்னொரு புத்தகத்துலலா இருக்கு. நமக்கு அது வரலையே.” பிறகு, “கேப்டன் நல்லா முங்குனாம்ப்பா. எல்லாஞ் சரியாச் சொன்னான்” என்றான். அதுதான் அவன் வாயால் நான் கேட்ட கடைசி வாக்கியம்.

திரையை அணைத்த பிறகு நெவில் தலையைக் கவிழ்த்தபடியே, “எனக்கு அந்தச் சொல் தெரியும் அப்பா. தெரியும்” என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

8

ஆப்பரேஷன் முடிந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை என்றார்கள். ரெக்ஸ் இப்போது போனில் எழுதுகிறான், கொஞ்சமாக. வீடியோவில் வர மாட்டேன் என்கிறான்.

நெவிலுக்கு ஒரு யோசனை வந்தது. எழுதியே ஆடலாமே, அவன் நண்பர்கள் சிலர் அப்படி ஆடுகிறார்கள். நீயே மாமாவிடம் கேள் என்றேன். தமிழ் எழுத்து அவனுக்கு மறந்துபோயிற்று. ஜெர்மனில் எழுதி, மொழிபெயர்க்கிற எந்திரத்தில் போட்டு, வந்ததை அனுப்பிவிட்டான். எனக்கும் காட்டினான், பெருமையாக.

“அன்புள்ள மாமா, தாங்கள் விரைவில் குணமடைய வாழ்த்துகிறேன். விளையாட்டை எழுத்து வடிவில் தொடர விருப்பம் உள்ளதா என்பதைத் தயவுசெய்து தெரியப்படுத்தவும்.”

அன்று சாயங்காலம் ரெக்ஸ் எனக்கு எழுதினான். “ஏலே, உன் மவன் நம்பர்ல இருந்து யாரோ ஆபீஸ்காரன் எழுதுதான். யாருல அது?”

அவன்தான் என்று பதில் போட்டேன். நான் படுக்கப் போகும்போது பதில் வந்தது.

“அவன் எங்கிட்ட தயவுசெஞ்சுன்னு சொன்னதே கெடையாதுல. கோவிச்சுக்காத. இதுக்குப் பதில் எழுத எனக்குக் கை வரல. அவன் கொரலு காதுல இருக்கு. அது இருந்துட்டுப் போவட்டும்.”

இதை நான் நெவிலிடம் காட்டவில்லை. எந்த மொழியில் காட்டுவது? ஒவ்வொரு ஞாயிறும் பூசையிலிருந்து வந்ததும், ரெக்ஸ் மாமா பதில் போட்டாரா என்று கேட்கிறான். கேள்வி ஜெர்மனில் இருக்கும், மாமா மட்டும் தமிழில் இருக்கும்.

“எழுதுவார்” என்கிறேன்.

அவன் சரியென்று தலையாட்டிவிட்டு, தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான்.